துவரை, தாமிரம், தண்டவாளம்: ஆப்பிரிக்காவில் இந்தியாவும் சீனாவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஆப்பிரிக்காவில் அப்படி என்ன வேலை?

சாம்பாரிலிருந்தே தொடங்கலாம். 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் போனபோது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி, படிப்படியாக 2 லட்சம் டன் துவரையை இந்தியா அங்கிருந்து வாங்கிக்கொள்ளும் என்பது பேச்சு. நம் வீட்டுப் பருப்பு டப்பாவில் இருப்பது மொசாம்பிக்கிலோ, மலாவியிலோ, தான்சானியாவிலோ விளைந்ததாக இருக்கலாம்.

சீனாவுக்கும் இதே போல ஒரு தேவை, பொருள்தான் வேறு. மின்வாகன பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் உலக உற்பத்தியின் சுமார் 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. அதில் பெரும்பகுதி சுத்திகரிப்புக்குப் போய்ச் சேருமிடம் சீனா. தாமிரம், மாங்கனீசு, கச்சா எண்ணெய் என்று பட்டியல் நீளும்.

வாங்குவதற்கு அப்பால் இன்னொரு கணக்கும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்காவுக்கு 54 ஓட்டுகள். 1971இல் தைவானை வெளியேற்றி பீஜிங் அரசுக்கு இடம் கொடுத்த தீர்மானத்துக்கு விழுந்த 76 ஆதரவு ஓட்டுகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடம் கேட்டுக் காத்திருக்கும் இந்தியா இந்தக் கணக்கை மறந்துவிடுமா என்ன?

இந்தப் போட்டி எப்போது ஆரம்பித்தது?

போட்டி என்று சொல்லும்படி ஆனது 2000க்குப் பிறகு. உறவு அதைவிடப் பழையது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரயில் பாதை சாட்சி.

முதல் பாதை இந்தியர்கள் போட்டது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பிரிட்டிஷ்காரர்கள் உகாண்டா ரயில்வேயைக் கட்டினார்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1898இல் சாவோ ஆற்றங்கரையில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களை இழுத்துப்போன கதையும் இந்தப் பாதையைச் சேர்ந்ததுதான். பாதை முடிந்தபின் தங்கிவிட்டவர்களும், அதற்கு முன்பே கடற்கரை ஊர்களில் கடை வைத்திருந்த குஜராத்தி வணிகர்களும் கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்தியச் சமூகமாக ஆனார்கள். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டியது இவர்களின் வழிவந்தவர்களைத்தான்.

இரண்டாவது பாதை சீனா போட்டது. சாம்பியாவில் தாமிரம் உண்டு, கடல் கிடையாது. துறைமுகத்துக்குப் போகவேண்டுமானால் வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போகவேண்டிய நிலை. தான்சானியா அதிபர் நைரேரேயும் சாம்பியா அதிபர் கவுண்டாவும் மாற்றுப் பாதைக்கு மேற்கு நாடுகளிடம் கேட்டார்கள், உலக வங்கியிடம் கேட்டார்கள். லாபம் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். அப்போது தானே ஏழை நாடாக இருந்த சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஆட்களையும் அனுப்பி, 1970க்கும் 1975க்கும் இடையில் டாருஸ்ஸலாமிலிருந்து காபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்தது. தசாரா ரயில்வே என்று பெயர். (நம் தசராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தான்சானியா–சாம்பியா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.) வேலையில் இறந்த சீனர்கள் அறுபதுக்கும் மேல். சீனத் தலைவர்கள் ஆப்பிரிக்காவில் பேசும் மேடைகளில் இந்தப் பாதையின் பெயர் இன்றும் அடிபடும்.

இருவரில் யார் முன்னால் நிற்கிறார்கள்?

சீனா. இதில் இழுபறியே இல்லை. 2009இல் அமெரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய வணிகக் கூட்டாளியானது, அந்த இடத்தை இன்னும் விடவில்லை. 2024இல் சீன–ஆப்பிரிக்க வணிகம் கிட்டத்தட்ட 300 பில்லியன் டாலர். இந்தியாவின் வணிகம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிலையாகத் தொடுவதில்லை: 2022–23இல் 98 பில்லியன் அருகே போனது, அடுத்த ஆண்டு 83 பில்லியன் அளவுக்கு இறங்கியது.

கடனில் இடைவெளி இன்னும் பெரிது. 2000 முதல் 2023 வரை சீனா ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த கடன் சுமார் 180 பில்லியன் டாலர். இந்தியா வழங்கியிருக்கும் கடன் வசதிகள் 12 பில்லியன் டாலர் சொச்சம்.

பழகும் விதத்திலும் வேறுபாடு தெரியும். 1991 முதல் ஒவ்வொரு புத்தாண்டிலும் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் வெளிநாட்டுப் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான். 2000இல் தொடங்கிய சீன–ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் கூடுகிறது. இந்தியாவும் 2008இல் டெல்லியில், 2011இல் அடிஸ் அபாபாவில், 2015இல் மறுபடி டெல்லியில் உச்சி மாநாடு நடத்தியது. மூன்றாவது மாநாட்டுக்கு 41 நாடுகளின் தலைவர்கள் வந்தார்கள், அமர்க்களமாக நடந்தது. அப்புறம் பல ஆண்டு மௌனம். கொரோனா ஒரு காரணம்தான், ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது.

சீனாவின் பாணி எப்படி?

வங்கி, காண்ட்ராக்டர், பொறியாளர், சிமென்ட் என எல்லாம் ஒரே கையிலிருந்து வரும். சீன அரசின் எக்சிம் (ஏற்றுமதி–இறக்குமதி) வங்கி கடன் கொடுக்கும். பணம் பெரும்பாலும் வாங்கிய நாட்டின் கஜானாவுக்குள் நுழையாமலேயே சீனக் கட்டுமான நிறுவனத்திடம் போய்விடும். டாலர் இல்லாத நாடு என்றால் எண்ணெயாகவும் தாதுவாகவும் திருப்பித் தரலாம். 2004இல் அங்கோலாவுக்கு எண்ணெயை நம்பிக் கொடுத்த 2 பில்லியன் டாலர் கடனுக்குப் பிறகு இந்த முறைக்கு அங்கோலா மாதிரி என்றே பெயர் வந்தது. காங்கோவில் 2008இல் போட்ட சிகோமைன்ஸ் ஒப்பந்தமும் இதே தினுசு: காங்கோவிடமிருந்து தாமிரமும் கோபால்ட்டும், சீனாவிடமிருந்து சாலையும் மருத்துவமனையும். வந்துசேர்ந்த சாலைகள் போதவில்லை என்று காங்கோ பல ஆண்டு சண்டை போட்டு, 2024இல் அதைத் திருத்தி எழுதவைத்தது.

இந்தப் பாணியின் கவர்ச்சி வேகம். மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையை மூன்று ஆண்டுக்குள் முடித்து 2017 மே மாதம் ரயில் ஓட்டிவிட்டார்கள். இந்தியர்கள் போட்ட பழைய பாதையின் பக்கத்திலேயே, அதே சாவோ வழியாக! ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் ஓர் அதிபருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பில் வரும்போதுதான் முகம் மாறுகிறது. 3.2 பில்லியன் டாலருக்கு மேல் கடன். உகாண்டா எல்லை வரை போகவேண்டிய பாதை நைவாஷா பக்கம் வந்து நின்றுவிட்டது. ரயிலுக்குச் சரக்கு சேர்க்க, துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் ரயிலில்தான் போகவேண்டும் என்று கென்ய அரசு உத்தரவு போட்டது; பிழைப்பு போன லாரிக்காரர்கள் மொம்பாசா தெருவில் இறங்கினார்கள். 2022இல் ஆட்சி மாறியதும் அந்த உத்தரவு ரத்தானது. அதுவரை மூடிவைத்திருந்த கடன் ஆவணங்களையும் புதிய அரசு வெளியிட்டது.

இந்தியாவின் பாணி?

இந்தியாவில் அரசு பின்னால் நடக்கும், தனியார் முன்னால் ஓடுவார்கள். 2010இல் பார்தி ஏர்டெல் 10.7 பில்லியன் டாலர் கொடுத்து குவைத்தின் ஸெயின் (Zain) நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொலைபேசி வணிகத்தை வாங்கியது. பல ஆண்டு நட்டம், கேலி. இன்று 14 நாடுகளில் நிலைத்துவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தியா ஆப்பிரிக்காவில் செய்த மிகப்பெரிய காரியம் எந்த மாநாட்டிலும் முடிவானதல்ல. 2001இல் எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. மும்பையின் சிப்லா நிறுவனம் அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்றது, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அதற்கு முன் அந்த மருந்து ஆப்பிரிக்க நோயாளிக்குக் கனவு. காப்புரிமை பற்றிய உலகப் பேச்சின் போக்கையே அந்த ஒரு விலை திருப்பிவிட்டது. ஆப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் இந்திய மாத்திரைக்கு இன்றும் இருக்கும் பெயர் அப்போது சம்பாதித்தது.

இன்னொரு கை, படிப்பு. 1964இல் இந்திய அரசு தொடங்கிய ஐடெக் பயிற்சித் திட்டத்தில் ஆப்பிரிக்க அரசு ஊழியர்கள் ஆண்டுதோறும் இந்தியா வந்து படித்துத் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. வெளிநாட்டில் அமைந்த முதல் ஐ.ஐ.டி வளாகம் சென்னை ஐ.ஐ.டி-யுடையது, இருப்பது சான்சிபார் தீவில். 2023இல் வகுப்புகள் தொடங்கின. அதன் முதல் தலைவர் பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி வளாகம் ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் பெண்ணும் அவரே.

குறை என்ன என்றால், தாமதம். இந்தியக் கடனில் கானாவில் தேமா–ம்பகடான் ரயில், கானா அதிபர் மாளிகை, ருவாண்டாவில் நியாபரோங்கோ நீர்மின் நிலையம் என நல்ல வேலைகள் பல உண்டு. ஆனால் அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடும். டெண்டர், ஒப்புதல், மறுபடி ஒப்புதல். இது நமக்குப் பழகிய கதைதானே.

இந்தியக் கடனில் மட்டும் நிபந்தனை கிடையாதா?

ஏன் இல்லை? இந்தியக் கடன் வசதியில் பொதுவான விதி, பொருளும் சேவையும் 75 விழுக்காடு இந்தியாவிலிருந்து வாங்கவேண்டும் என்பது. கட்டுமான வேலை என்றால் கொஞ்சம் தளர்த்துவார்கள். சீனா கையாளும் சூத்திரமும் கிட்டத்தட்ட இதுவே. தொகைதான் சின்னது, அதனால் சத்தமும் சின்னது. கடன் கொடுக்கும் வங்கியின் பெயர்கூட இரண்டு நாட்டிலும் எக்சிம் வங்கிதான்.

சீனக் கடன் ஒரு 'கடன் பொறி' என்கிறார்களே, உண்மையா?

பாதி. வேண்டுமென்றே கடனில் தள்ளிச் சொத்தைப் பறிக்கும் திட்டம் என்ற வாதத்துக்கு வழக்கமாகக் காட்டும் சான்று இலங்கையின் அம்பாந்தோட்டை. 2017இல் அத்துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது உண்மை. ஆனால் அதற்காக வந்த 1.12 பில்லியன் டாலர் துறைமுகக் கடனில் கழிக்கப்படவில்லை. இலங்கையின் டாலர் கையிருப்புக்குத்தான் போனது. இலங்கையை அப்போது நெருக்கியதில் பெரும்பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுக்கு. குத்தகையை நல்ல பேரம் என்று சொல்ல வரவில்லை, 'கடனுக்குத் துறைமுகத்தைப் பிடுங்கினார்கள்' என்ற கதை அப்படியே பொருந்தாது என்கிறேன்.

உண்மையான சிக்கலைப் பார்க்க சாம்பியாவுக்குப் போகவேண்டும். 2020 நவம்பரில் அந்த நாடு தவணை கட்ட முடியாமல் நின்றது. அரசுகளுக்குத் திருப்பவேண்டிய 6.3 பில்லியன் டாலரில் 4 பில்லியனுக்கு மேல் சீனாவுக்கு. பத்திரம் வாங்கியவர்கள் தனியே வரிசையில் நின்றார்கள். யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று பேசிப் பேசி, அரசுக் கடன்காரர்கள் உடன்பட்டது 2023 ஜூனில். அந்த இரண்டரை ஆண்டும் தள்ளாடியது சாம்பியா மக்களின் வாழ்க்கை. ரகசிய விதிகளும், யார் முதலில் இறங்கிவருவது என்ற வீம்பும்தான் அங்கே பொறியாக இருந்தன.

சீனாவும் சூடுபட்டுக்கொண்டது. 2016இல் 28 பில்லியனைத் தாண்டிய அதன் ஆப்பிரிக்கக் கடன் 2022இல் 1 பில்லியன் அளவுக்குச் சுருங்கியது.

ராணுவக் கோணம்?

சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளம் 2017இல் ஜிபூட்டியில் திறந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் எல்லாம் அதே குட்டி நாட்டில்தான் முகாம் போட்டிருக்கின்றன. ஜிபூட்டிக்கு வாடகை வருமானமே ஒரு தொழில்.

இந்தியா தீவுகள் வழியாகப் போகிறது. மொரீசியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. ராணுவத் தளம் இல்லை என்று மொரீசியஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. செஷல்ஸின் அசம்ஷன் தீவில் இதே மாதிரி முயற்சி பலிக்கவில்லை. 2015இல் ஒப்பந்தம், 2018இல் திருத்திய ஒப்பந்தம், ஆனால் உள்ளூர் எதிர்ப்பால் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்கவே இல்லை. மாறாக, 2019இல் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைச் சிதைத்தபோது அருகிலிருந்த மூன்று இந்தியக் கடற்படைக் கப்பல்கள் திசைமாறிப் போய் முதல் ஆளாக உதவியது, எந்த ஒப்பந்தமும் இல்லாமலேயே நல்ல பெயர் வாங்கித் தந்தது.

கச்சாப் பொருளை வாங்கி, செய்த பொருளை விற்பது பழைய காலனிக் கணக்குதானே?

இந்தக் கேள்விக்கு இரண்டு நாடுகளுமே நேராகப் பதில் சொல்வதில்லை. சீனா வாங்குவது தாது, எண்ணெய். விற்பது இயந்திரம், போன். இந்தியா வாங்குவது எண்ணெய், தங்கம், பருப்பு, முந்திரி. விற்பது டீசல், மருந்து, வண்டி.

துவரைக் கதையின் மறுபாதியைக் கேளுங்கள். 2016இல் இந்தியா வாங்கும் என்று நம்பி விவசாயிகள் விதைத்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவிலேயே அமோக விளைச்சல். 2017 ஆகஸ்டில் டெல்லி இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. மொசாம்பிக்கின் ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தாலும், மலாவியிலும் மொசாம்பிக்கிலும் விலை தரைதட்டியது. நம் விவசாயியைக் காக்க எடுத்த முடிவு என்பது சரி. அங்கே மூட்டையோடு நின்றவனுக்கு யார் பதில் சொன்னார்கள்?

முந்திரியில் காற்று திரும்புகிறது. கொல்லம், மங்களூர், பண்ருட்டி ஆலைகள் உடைக்கும் கொட்டையில் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. பெனின் 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்யத் தடை போட்டு, தன் ஊரிலேயே ஆலை வைக்கச் சொல்கிறது. ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் லித்தியம் கல்லை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. சீன நிறுவனங்கள் அங்கேயே செறிவூட்டும் ஆலை கட்டின. பண்ருட்டிக்காரருக்கு இது கசப்பான செய்திதான், ஆனால் பெனின் கேட்பது நியாயம்.

ஆப்பிரிக்க நாடுகள் இதில் வெறும் பகடைக்காய்களா?

அப்படிப் பார்ப்பவர்கள் தான்சானியாவைக் கவனிக்கவில்லை. பகமோயோ துறைமுகத்துக்குச் சீன நிறுவனம் வைத்த நிபந்தனைகள் சுரண்டல் என்று சொல்லி 2019இல் அதிபர் மகுஃபுலி நிறுத்திவைத்தார். புதிய மின்ரயில் பாதையின் முதல் பகுதிகளைத் துருக்கி நிறுவனத்திடமும், பிறகு வந்தவற்றைச் சீனர்களிடமும் கொடுத்தது அதே நாடு. ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் போட இந்தியக் கடன், சான்சிபாரில் ஐ.ஐ.டி. நொந்துபோயிருந்த தசாரா பாதையைப் புதுப்பிக்க 2025இல் மறுபடி சீனா, 1.4 பில்லியன் டாலர். சாம்பியா, காங்கோ தாதுவை எதிர்ப்பக்கம் அங்கோலா கடற்கரைக்குக் கொண்டுபோகும் லோபிடோ ரயில் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுவதால்தான் சீனாவுக்கு இந்த அவசரம் என்பதும் தான்சானியாவுக்குத் தெரியும். நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பவரைப் பகடைக்காய் என்று சொல்வோமா?

கென்யாவில் நைரோபி விமான நிலையத்தை அதானி குழுமத்திடம் ஒப்படைக்கும் திட்டத்துக்கு எதிராக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வழக்கும் போனது. 2024 நவம்பரில், அமெரிக்காவில் குழுமத் தலைவர் மீது குற்றச்சாட்டு பதிவான மறுநாளே அதிபர் ரூட்டோ திட்டத்தை ரத்து செய்தார். (குற்றச்சாட்டைக் குழுமம் மறுத்தது.)

சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

கையிலிருக்கும் போன் பெரும்பாலும் டெக்னோ அல்லது ஐடெல். ஷென்சென் நகரத்து டிரான்ஷன் நிறுவனத்தின் தயாரிப்பு. கறுப்பு நிறத்தோலைச் சரியாகப் படமெடுக்கும்படி கேமராவை அமைத்துச் சந்தையைப் பிடித்தவர்கள். அந்த அக்கறை நேரில் எப்போதும் இருந்ததில்லை: 2020 ஏப்ரலில் குவாங்சோவில் கொரோனாவைக் காட்டி ஆப்பிரிக்கர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது பெரும் கோபத்தைக் கிளப்பியது. நாம் மார்தட்ட ஒன்றுமில்லை. 2017 மார்ச்சில் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தது நம்மவர்கள். கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் வைத்த காந்தி சிலை, இளம் வயதில் அவர் கறுப்பர்களைப் பற்றி எழுதியவற்றைக் காட்டி நடந்த எதிர்ப்பால் 2018இல் அகற்றப்பட்டது.

இரண்டு நாடும் சேர்ந்து வேலை செய்ததே இல்லையா?

உண்டு, சூடானில். அங்கே எண்ணெய் எடுத்த கூட்டு நிறுவனத்தில் சீன தேசிய பெட்ரோலியத்துக்கு 40 விழுக்காடு, மலேசியாவின் பெட்ரோனாஸுக்கு 30. ஒரு கனடா நிறுவனம் விட்டுப்போன 25 விழுக்காட்டை 2003இல் இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேஷ் வாங்கியது. எல்லையில் முறைத்துக்கொள்ளும் இருவர் ஒரே குழாயில் எண்ணெய் அனுப்பினார்கள்.

'இத்தனை பில்லியன் அறிவிப்பு' என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

அறிவித்த தொகையும் கைக்கு வந்த தொகையும் வேறு என்று எடுத்துக்கொண்டு படியுங்கள். 2024 செப்டம்பரில் பீஜிங்கில் சீனா அறிவித்தது மூன்று ஆண்டுக்கு 360 பில்லியன் யுவான், ஏறத்தாழ 50 பில்லியன் டாலர். இதில் 210 பில்லியன் யுவான் கடன், 70 பில்லியன் சீன நிறுவனங்கள் போடும் முதலீடு. மிச்சம்தான் பல வகை உதவி. டாலரில் சொல்லாமல் யுவானில் சொன்னதையும் கவனியுங்கள். 2015இல் இந்தியா சொன்ன 10 பில்லியன் டாலரும் சலுகைக் கடன்தான். இலவச உதவி தனியாக 600 மில்லியன். அப்புறம் யார் கையெழுத்திட்டார்கள் என்பதோடு எந்த நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது என்றும் பாருங்கள். அசம்ஷன் தீவு ஒப்பந்தத்தில் கையெழுத்து இரண்டு தடவை விழுந்தது.